வத்தல்மலையில் ஒரு தெற்கு நட்சத்திரம்

நோர்வேயில் நாங்கள் குடியிருக்கும் பெர்கன் நகரம் மழைக்குப் பேர்போனது. அங்கே குழந்தைகள் குடையோடு பிறக்கிறார்கள் என்று கேலி செய்வார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டுதான் என் மனைவி மாலினி நட்சத்திரம் பார்க்கப் பழகினாள். மாதத்தில் நாலைந்து இரவு மேகம் விலகினால் பெரிய அதிர்ஷ்டம். அந்த நாலைந்து இரவுக்காக மிச்ச நாளெல்லாம் படித்துக்கொண்டிருப்பாள்.

படித்ததில் அவள் மனதைப் பிடித்துக்கொண்டது ஈட்டா கரினே என்ற ஒரு விண்மீன். ஒளிர் நீல மாறி என்று ஒரு வகை உண்டாம். சூரியனைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு எடை, பல இலட்சம் மடங்கு வெளிச்சம், ஓரிடத்தில் அமைதியாக எரியத் தெரியாத குணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இது திடீரென்று பொங்கி, தன் உடம்பிலிருந்து பல சூரியன்களுக்குச் சமமான பொருளை வெளியே வீசி எறிந்தது. சில காலம் வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக இருந்தது. பிறகு கண்ணுக்கே தெரியாமல் மங்கிப்போனது. செத்துவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். சாகவில்லை. இப்போது மெல்ல மெல்லத் திரும்பப் பிரகாசமாகிக்கொண்டு வருகிறது.

ஆனால் அது தெற்கு வானத்தில் மிகத் தாழ்வாகச் செல்லும் நட்சத்திரம். பெர்கனில் ஒருநாளும் உதிப்பதில்லை. "நான் பிறந்த யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரைக்கு மேல தினமும் நின்றிருக்குது. ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல," என்று மாலினி குறைப்படுவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவள் கண்ணில் கோளாறு வந்தது. விழித்திரையின் நடுப்புள்ளி கெட்டுக்கொண்டு வருகிறது. பக்கப் பார்வை நன்றாக இருக்கிறது, நேர்ப் பார்வையில்தான் ஒரு சாம்பல் நிறப் பொட்டு. இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்க்கிறாள். "பயணம் ஏதும் போக நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள்," என்றார் மருத்துவர்.

அந்த நேரத்தில்தான் மாலினியோடு வேலை செய்யும் கோகிலா வந்து பத்திரிகை வைத்தாள். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் அவள் தங்கைக்குக் கல்யாணம், மே மாதத்தில். மாலினி முதலில் கேட்ட கேள்வி மாப்பிள்ளை என்ன வேலை என்பதல்ல. "வளர்பிறையோ, தேய்பிறையோ?" என்று கேட்டாள். தேய்பிறை முகூர்த்தம், அதாவது முன்னிரவில் நிலவு இருக்காது, என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதாவது, என் காதைப் பார்த்தாள். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

பாலக்கோட்டில் இறங்கியதும் எங்களை வரவேற்றது தக்காளி வாசனை. மண்டிக்கு முன்னால் டிராக்டர்களும் லாரிகளும் நிற்க, பிளாஸ்டிக் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. பெர்கன் கடையில் தக்காளிக்கு நிறம் மட்டும்தான் உண்டு. இங்கே ஒருவர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து, "சாப்புட்டு பாருங்க," என்று கையில் கொடுத்தார். சாறு முழங்கை வரை வழிந்தது.

நான் நன்றி சொன்னதும் அவர் என்னை உற்றுப் பார்த்தார். "கேரளாவுங்களா?"

"இல்லை, யாழ்ப்பாணம். இப்ப நோர்வேயில இருக்கிறம்."

"அப்படீங்களா. பேச்சு மலையாளமாட்டம் இருந்துச்சு, அதான்."

அடுத்த நான்கு நாளும் எங்களை மலையாளிகள் என்று நினைக்காதவர் அந்த ஊரில் இல்லை. நாங்கள் தமிழில் கேட்போம், அவர்கள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பிறமொழிக்காரருக்குச் சொல்வதுபோல் அன்பாகப் பதில் சொல்வார்கள்.

கோகிலாவின் பிறந்த வீடு ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தோட்டத்துக்குள் இருந்தது. போன உடனே இலை போட்டுவிட்டார்கள். பணியாரம், வடை என்று எதிர்பார்த்துப் போன எனக்கு முன்னால் ஒரு பெரிய உருண்டையை வைத்தார்கள். ராகிக் களி. பக்கத்தில் கீரைக் கடைசல். மாலினி ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "என்னப்பா, இது எங்கட குரக்கன்!" என்றாள். குரக்கன் என்றால் என்ன என்று கேட்டு, அது ராகிதான் என்று தெரிந்ததும் அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது உருண்டை வந்தது. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மொட்டை மாடிக்கு ஏறினோம். கீழே பந்தலைச் சுற்றி வண்ண விளக்குகள், வாசலில் பெண், மாப்பிள்ளை பெயரை எழுதிய ஒளிப்பலகை. தெற்கு வானம் அந்த வெளிச்சத்தில் வெளுத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், பெரிய பெரிய துளிகளாக மழை பிடித்தது. பெண்கள் கொடியில் கிடந்த துணிக்கு ஓடினார்கள். கோகிலாவின் தாய்மாமன் மாதையன் மட்டும் நனைந்தபடியே முற்றத்தில் நின்று மேலே பார்த்துச் சிரித்தார். தக்காளி பயிரிடுபவர்; தோட்டத்தை அந்தப் பக்கத்தில் 'காடு' என்பார்கள், அவர் வீடும் தன் காட்டுக்குள்தான். அந்த வருடம் அவருடைய போர்வெல்லில் தண்ணீர் மிகவும் கீழே போயிருந்ததாம்.

"நீங்க வந்த நேரம் மழ வந்துருச்சுங்க," என்றார் எங்களைப் பார்த்துக் கும்பிட்டு.

நாங்களும் பதிலுக்குக் கும்பிட்டோம். அந்த மாவட்டத்திலேயே மழை வேண்டாம் என்று நினைத்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

மறுநாள் கல்யாண வீட்டார் வேலையில் இருந்ததால் நாங்கள் ஒகேனக்கல்லுக்குப் பஸ் ஏறினோம். காவிரியை அதற்குமுன் பார்த்ததில்லை. பரிசல் என்பது ஒரு பெரிய கூடை. அதில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பரிசல்காரர் பாறைகளுக்கு நடுவே ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு எங்களை அருவிக்கு அடியில் கொண்டுபோனார். எதிர்க்கரையில் நின்ற ஒருவரோடு கன்னடத்தில் சத்தம் போட்டுப் பேசினார். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவுரு மச்சானுங்க. மீனு கெடைச்சுதான்னு கேட்டேன். தண்ணி கலங்கிருச்சு, ஒண்ணுங் காணோமுன்னு சொல்றாரு."

பிறகு, கேட்காமலேயே, பரிசலை ஒரு சுற்றுச் சுற்றினார். உலகம் சுழன்றது. மாலினி சிறுபிள்ளைபோல் கத்தினாள். அருவியின் சாரல் எங்கள் தலையிலும் மடியிலும், மடியில் இருந்த இருகண் தொலைநோக்கியிலும் கொட்டியது. கரையேறித் துடைத்துப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருந்தது. வெயிலில் வைத்தேன், கைக்குட்டையில் சுற்றினேன், ஊதினேன். ஆவி போகவில்லை.

"வெறுங் கண்ணாலதானே பாக்க வந்தனான்," என்றாள் மாலினி. மீன் கடையில் உட்கார்ந்திருந்தோம். மசாலா தடவிப் பொரித்த மீனைக் கடைக்காரப் பெண் வாழையிலையில் வைத்துத் தந்தார். மாலினியின் கை முள்ளைத் தேடித் தடவுவதைக் கவனித்துவிட்டுக் குனிந்து, முள்ளை எடுத்துச் சதையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். இந்தப் பயணத்தில் நான் நன்றி சொல்ல மறந்த முதல் ஆள் அவர்.

திரும்பும்போது காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது. நோர்வேயாக இருந்தால் எல்லோரும் இருக்கையில் அமைதியாக உட்கார்ந்து, யாராவது வந்து அகற்றும்வரை கைபேசியைப் பார்த்திருப்போம். இங்கே பஸ் நின்ற மறுநிமிடம் பாதி ஆட்கள் இறங்கிவிட்டார்கள். ஒருவரிடம் அரிவாள் இருந்தது. ஏன் பஸ்ஸில் அரிவாள் என்று யாரும் கேட்கவில்லை. கிளைகளை வெட்டி, "எல்லாரும் ஒண்ணா தள்ளுங்க," என்று ஒரே மூச்சில் மரத்தை ஓரம் கட்டினார்கள். நானும் தள்ளினேன். கையில் பிசின் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கும் வானம் மூடியே கிடந்தது.

கல்யாணம் விடியற்காலை நடந்தது. கோகிலாவின் தங்கை முகத்தை மாலினி பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து, "நல்ல வடிவு," என்றாள். மதியம் பந்தியில் மாதையன் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோகிலா சொல்லுச்சுங்க. ஏதோ நட்சத்திரம் பாக்கோணும்னு வந்தீங்களாமே. பாத்தாச்சுங்களா?"

இல்லை என்றேன். மறுநாள் மாலைதான் கடைசி வாய்ப்பு, அதற்கு அடுத்த நாள் விமானம் என்றேன். எதற்காக இந்த அவசரம் என்று கேட்டார். மாலினியின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். இலையில் விட்ட ரசத்தைச் சோற்றோடு பிசைந்துகொண்டே சொன்னார்.

"வத்தல்மலைக்கு போலாமுங்க. மேல வெளிச்சம் கம்மி. காப்பி, மொளகு ஏத்தறதுக்கு நான் போய் வர்ற ஊருதான். கோவிந்தன்னு தெரிஞ்சவன் இருக்கறான். அவன் வூட்டு வாசல்ல நின்னா தெக்கால மறைப்பே இல்ல."

அடுத்த நாள் பிற்பகல் அவருடைய குட்டியானையில் ஏறினோம். சிறிய சரக்கு வண்டிக்கு அந்தப் பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். முன்னால் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மாலினி என்மேல் சாய, நான் கதவின்மேல் சாய்ந்தேன். பாதி வழியில் வண்டி சூடாகி நின்றது. ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி, ஆறும்வரை பாறையில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றோம். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. கிழக்கே மட்டும் ஒரு மேகக் கூட்டம்.

கோவிந்தனின் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. மாதையன் சொன்னது உண்மைதான். வாசலுக்கு அப்பால் சரிவு, அதற்கப்பால் தெற்கே மலைகளின் கறுத்த வரிசை, அதற்குமேல் வெறும் வானம். ஆனால் வாசலிலேயே ஒரு தெருவிளக்கு. அதன் அடியில் ஒரு பசு படுத்துக் கிடந்தது.

கோவிந்தனும் அவர் மனைவி செல்வியும் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்கள். செல்வியின் முகத்தில் கவலை தெரிந்தது.

"தப்பா நெனைக்காதீங்க, காப்பி போட முடியல. தலச்சன் ஈத்துங்க. மத்தியானத்துல இருந்து முக்குது, ஒரு காலு மட்டுந்தான் வெளிய வந்துருக்குது."

கால்நடை மருத்துவருக்குப் போன் செய்திருந்தார்கள். அவர் வேறொரு ஊரில் இருந்தார், மலையேறி வர நேரமாகும். மாதையன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவரும் மாடு வளர்ப்பவர். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பசுவின் பின்னால் மண்டியிட்டார்.

இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு எரியத் தொடங்கியது. அந்த வெளிச்சத்தில் தெற்கு வானத்தில் ஒன்றிரண்டு நட்சத்திரம் தவிர எதுவும் தெரியவில்லை. ஈட்டா கரினே அந்த நேரத்தில் தன் உச்ச உயரத்தில், நேர் தெற்கே நின்றிருக்க வேண்டும். இனி அது மேற்கே சரியத் தொடங்கும். கிழக்கே மின்னல் வெட்டியது.

கோவிந்தன் எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அவ்ளோ தூரத்துல இருந்து வந்துருக்கீங்க. ஒரு பத்து நிமிசம் லைட்ட ஆஃப் பண்ணட்டுங்களா? பாத்துட்டு மறுபடி போட்டுக்கலாம்."

நட்சத்திரம் பார்ப்பவர்கள் இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்கச் சிவப்பு டார்ச் வைத்திருப்பார்கள். எங்களிடமும் இருந்தது. பசுவுக்கு இது போதுமா என்று நான் அடித்துக் காட்டினேன். மாதையன் தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "செவப்பு லைட்டுல ரத்தம் தெரியாதுங்க."

மாலினி அந்த டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி அணைத்தாள். "லைற் எரியட்டும். முதல்ல மாடு. நான் பாக்க வந்தது அந்த நட்சத்திரம் ஏழாயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்தி விட்ட வெளிச்சம், இன்னும் கொஞ்சம் நிண்டாலும் குறைஞ்சு போகாது."

அவள் அப்படிச் சொன்னாளே தவிர, அவள் விரல்கள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. எனக்குத் தெரியும். மேகம் வந்து மூடினால் அவ்வளவுதான். அடுத்த வருடம் இந்தக் கண் எப்படி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நான் அவளை வைக்கோல் போருக்குப் பின்னால், விளக்கின் வெளிச்சம் படாத இடத்தில் உட்காரவைத்தேன். கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்று தலைக்குமேல் துண்டைப் போர்த்திக்கொண்டாள். அப்படியே முக்காடிட்டு உட்கார்ந்து, "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வானத்தைப் பற்றி அல்ல, மாட்டைப் பற்றிக் கேட்டாள்.

நான் வர்ணனையாளன் ஆனேன். மடங்கிக் கிடந்த மற்றக் காலை மாதையன் உள்ளே கைவிட்டுத் தேடுகிறார். பசு முனகுகிறது. செல்வி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இன்னொரு தரம் முக்கு கண்ணு, ஒரே தரம்," என்று காதில் சொல்கிறார். கோவிந்தன் கயிற்றைப் பிடித்திருக்கிறார். "வந்துருச்சு, ரெண்டு காலும் வந்துருச்சு. இழுங்க, மெதுவா." பிறகு ஒரு வழுக்கல், ஒரு சத்தம், தரையில் பளபளவென்று ஒரு ஈர மூட்டை. அது அசையவில்லை. மாதையன் அதன் மூக்கில் விரலை விட்டுச் சளியை வழித்து, வைக்கோலால் விலாவைத் தேய் தேய் என்று தேய்த்தார். கன்று தும்மியது.

துண்டுக்குள்ளிருந்து மாலினி அழுவது கேட்டது.

பசு கன்றை நக்கத் தொடங்கியதும் கோவிந்தன் கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். விளக்குக் கம்பத்தின் சுவிட்சை நிறுத்தினார். அதோடு விடவில்லை. தெரு வழியே நடந்துகொண்டே, "லைட்ட கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணுங்க! விருந்தாளிங்க நட்சத்திரம் பாக்கறாங்க!" என்று குரல் கொடுத்தார். ஒவ்வொரு வாசலாக அணைந்தது. ஊரே இருட்டில் மூழ்கியது. வானம் அப்படியே இறங்கி வந்தது. பால்வெளி தெற்கு மலைகளுக்குமேல் சாம்பல் தூவியதுபோல் கிடந்தது.

தென்சிலுவையின் நான்கு நட்சத்திரங்களை நான் கண்டுபிடித்தேன். அதிலிருந்து வலப்பக்கம், நீட்டிய கையின் ஒரு முட்டி அளவும் இன்னும் கொஞ்சமும் தள்ளி. அங்கே பார்த்தேன். ஒன்றும் இல்லை. மேகம் பாதி வானம் ஏறிவிட்டது. கோவிந்தனும் செல்வியும் இரண்டு மூன்று அயல் வீட்டாரும் என் விரலைப் பின்பற்றிப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கே தெரியாததை இவளால் எப்படிப் பார்க்க முடியும் என்று நினைத்து நீட்டிய கையை இறக்கினேன்.

"இருக்குது," என்றாள் மாலினி.

"எங்க?"

"நீங்க காட்டின இடத்திலதான். மங்கலா ஒரு புகை. அதுக்குள்ள ஒரு புள்ளி. நல்லாத் தெரியுது."

"எனக்குத் தெரியேல்லையே."

"நேர பாக்காதேங்கோ," என்றாள். "நேர பாத்தா இல்லாமப் போகும். கொஞ்சம் மேல, பக்கத்தில பாருங்கோ. அது தானா வரும்."

மங்கலான ஒளியைக் கண்ணின் நடுப்பகுதி பிடிப்பதில்லை, ஓரம்தான் பிடிக்கும். நட்சத்திரம் பார்ப்பவர்கள் வருடக்கணக்காகப் பழக வேண்டிய வித்தை அது. இரண்டு வருடமாக எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் மாலினி. வேறு வழி இல்லாமல். நான் ஒரு விரல் மேலே தள்ளிப் பார்த்தேன். வந்தது. மெல்லிய ஒரு மூச்சு, அதன் நடுவில் ஊசிமுனை.

இருட்டில் ஒவ்வொருவராக, "ஆமாங்க," என்றார்கள். "அட, ஆமா. ஓரமா பாத்தா வருது." செல்வி மாலினியின் தோளில் கை வைத்திருந்தார். அந்தக் கையில் இன்னும் மாட்டின் ஈரம் இருந்தது. மாலினி அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேகம் வந்து மூடியது. ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கன்று எழுந்து நிற்க முயன்று விழுந்தது.

மாதையன் கை கழுவி வந்ததும் இறங்கத் தொடங்கினோம். நாலைந்து வளைவு கழிந்ததும் அவர் சொன்னார். "நான்தான் பாக்கலீங்க. இருட்டுல தடவி கன்னுக்கு தொப்புள் கட்டிக்கிட்டு இருந்தேன். நிமுந்து பாக்கறதுக்குள்ள மேகம் வந்துருச்சு."

மாலினி, "நிப்பாட்டுங்கோ," என்றாள். மேகம் வடக்கே நகர்ந்திருந்தது. தெற்கே திறந்த ஒரு வளைவில் அவர் வண்டியை ஓரம் கட்டி முகப்பு விளக்கை அணைத்தார். மாலினி அவர் பக்கத்தில் நின்று, சிலுவையைக் காட்டி, முட்டியை நீட்டச் சொல்லி, எங்கே பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு சிரித்தார். நானும் பார்த்தேன். மாலினிக்கு அது இரண்டாம் முறை. கிடைக்கும் என்று அவள் எண்ணியிராத இரண்டாம் முறை.

"ஒரு நிமிசம் இருங்க," என்று மாதையன் கைபேசியை எடுத்தார். அவர் மனைவியின் குரல் பதற்றமாகக் கேட்டது.

"என்னங்க, வண்டி நின்னு போச்சா?"

"வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ காட்டுப் பக்கம் வெளிய வா. தெக்கால பாரு. பட்டமாட்டம் நாலு நட்சத்திரம் தெரியுதா? அதுக்கு சோத்தாங்கைப் பக்கம். இல்ல, நேரா பாக்காத. நேரா பாக்காதங்கறேன்!"

மாலினி கைபேசியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "தங்கச்சி, அவசரப்படாதேங்கோ. வீட்டு லைற்ற அணைச்சிட்டு வந்து, கொஞ்ச நேரம் இருட்டில நில்லுங்கோ. நாங்கள் இஞ்ச நிக்கிறம்."

நின்றோம். கைபேசியில் ஒரு நாய் குரைப்பது கேட்டது, ஒரு கதவு சாத்துவது கேட்டது, பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"அய்யோ, ஆமாங்க!" என்றது அந்தக் குரல். "ஊதிவுட்ட சாம்பலாட்டம் ஒண்ணு. போன வெச்சுராதீங்க, பக்கத்து காட்டு அக்காவயும் கூப்புடறேன்."